எது சிறந்தது, எதற்காக?

மனிதன் தெரிவு செய்யும் இயல்புடையவன். இரண்டையும் மூன்றையும் எதிரே வைத்து, எடைபோட்டு, ஒன்றை ஏற்று மற்றவற்றை விலக்கும் ஆற்றல் இறைவன் அவனுக்கு அளித்த பகுத்தறிவின் ஒரு கூறாகும். எனவே ஒப்பிட்டுப் பார்த்தல் தன்னளவில் குறையன்று. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்பதை ஆண்டவர் மக்கள் கூட்டத்துக்கு உவமையாகவே எடுத்துரைத்தார். வள்ளுவரும் ஆராய்ந்து செயலில் இறங்குவதற்கென்றே 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்பிடாமல் வாங்குபவன் பேதை என்றே உலகமும் கூறும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பொறுமையோடும் நேர்மையோடும் முழு விவரங்களோடும் ஒருவர் ஒப்பிட்டு முடித்த பிறகும், அறநெறி நோக்கில் அவர் எதையுமே ஆராயாதவராக இருக்கக் கூடுமா?

இதனை ஆராய்வதற்குத் தேவையின் நெருக்கம் கலவாத ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அரிசி வாங்குகிறவரின் ஒப்பீட்டில் பசி கலந்திருக்கிறது. மருத்துவமனை தேடுகிறவரின் ஒப்பீட்டில் நோய் கலந்திருக்கிறது. அங்கே 'எதற்காக' என்பது கேட்கப்படாமலே விளங்கிவிடுகிறது. தேவையெல்லாம் நிறைவேறிய பிறகு, மிகுதியின் எல்லையில் நிகழும் ஒப்பீட்டில்தான் ஒப்பீடு என்னும் செயல் தன் தனி உருவில் வெளிப்படும். அத்தகைய எடுத்துக்காட்டு ஒன்றை ஜெர்மனி நாடு நமக்குத் தருகிறது. குடும்பத்தோடு அமர்ந்து செல்லும் நான்கு கதவுக் காரின் வசதியும், பந்தயக் காரின் ஆற்றலும் ஒருங்கே அமைந்த உயர்விலைக் கார்கள் அங்கே ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அவற்றுள் எதை வாங்குவது என்னும் ஆராய்ச்சி அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

ஏழு குதிரைத்திறன்

மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1985-இல் 'எம்5' என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுவலகம் செல்லும் ஒருவரின் அடக்கமான காரைப் போன்ற தோற்றத்துக்குள் 286 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் இருந்தது. ஸ்டுட்கார்ட் நகரத்து மெர்சிடிஸ் பென்ஸ் 1990-இல் '500 ஈ' என்னும் காரைக் கொண்டுவந்தது. அதன் திறன் 326. 1998-இல் வந்த எம்5 400 குதிரைத்திறனை எட்டியது. 2005-இல் வந்தது 507-ஐ எட்டியது. மறு ஆண்டே மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி. பிரிவு தன் 'ஈ63' காரை 514 குதிரைத்திறனோடு முன்வைத்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட திறனில் ஏழு கூடியதற்குப் பயணத்தில் என்ன பொருள் இருக்க முடியும்? பட்டியலில் மட்டும் அதற்குப் பொருள் இருந்தது.

2017-இல் பி.எம்.டபிள்யூ 600 என்றது. மெர்சிடிஸ் 612 என்றது. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டுவதற்கு இரு நிறுவனங்களும் அறிவித்த நேரம் ஒன்றே: 3.4 வினாடி. அடுத்த ஆண்டு பி.எம்.டபிள்யூ 625 குதிரைத்திறன் கொண்ட வகையை வெளியிட்டது, நேரம் 3.3 வினாடியாயிற்று. 2024-இல் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த புதிய எம்5 727 குதிரைத்திறனோடு வந்தது. ஆனால் மின்கலத்தின் சுமையால் அதன் எடை 2,400 கிலோவைக் கடந்துவிட்டது, 100 கி.மீ. வேகத்தை எட்ட அதற்கு அறிவிக்கப்பட்ட நேரம் 3.5 வினாடி. திறன் நூற்றுக்கு மேல் உயர்ந்தும், நேரம் பத்தில் இரண்டு பங்கு வினாடி பின்வாங்கியது. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் எழுத்தின் மாத்திரைக்கு அளவாக வைத்தார் தொல்காப்பியர். இங்கே வழக்காடப்படுவது அத்தகைய சிற்றளவு.

இவற்றை வாங்க எண்ணுகிறவர்க்கு உதவ இதழ்கள் இருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வெளிவரும் 'ஆட்டோ மோட்டோர் உண்ட் ஸ்போர்ட்' போன்றவை போட்டிக் கார்களை ஒரே தடத்தில் ஓட்டி, நிறுத்தும் தூரத்தை அளந்து, இருக்கையின் வசதி, ஒலி, எரிபொருள் செலவு, விலை என்று பகுதி பகுதியாக மதிப்பெண் இட்டு, கூட்டி, வென்றது எது என்று அறிவிக்கின்றன. வாங்குகிறவரும் சோம்பியிருப்பதில்லை. அளவைகளைப் படிக்கிறார்; இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறார்; விளம்பரத்தை நம்பாமல் அளக்கப்பட்டதையே நம்புகிறார். இந்த உழைப்பை இகழ்வதற்கு இல்லை. உண்மையின்பால் உள்ள மதிப்பு, அவசரமின்மை, கேட்டறியும் பணிவு ஆகிய நற்பண்புகள் பல இதில் அடங்கியிருக்கின்றன.

ஆலோசனையின் எல்லை

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருந்தொகையில் மனிதச் செயலின் படிகளை ஆராயும்போது, தெரிவுக்கு முன் நிகழும் ஆலோசனையைப் பற்றித் தனியே பேசுகிறார். ஆலோசனை என்பது வழிகளைப் பற்றியது, நோக்கத்தைப் பற்றியதன்று என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு அடிப்படை அரிஸ்டாட்டிலிடம் உண்டு. நோயாளி நலம்பெற வேண்டுமா என்று மருத்துவர் ஆலோசிப்பதில்லை. எவ்வாறு நலம்பெறச் செய்வது என்றே ஆலோசிக்கிறார். நோக்கம் முன்னரே நிலைபெற்றிருக்கிறது. அதன் ஒளியில்தான் வழிகளை ஒப்பிட முடிகிறது.

இதனைக் கார்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். 'இவ்விரண்டில் எது சிறந்தது?' என்ற கேள்விக்கு, நோக்கத்தைச் சொல்லாதவரை விடை இல்லை. முதிய தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனுக்கு, ஏறி இறங்க எளிதான கதவே சிறப்பு. ஹாம்பர்க்கிலிருந்து மியூனிக் வரை வாரந்தோறும் எழுநூறு கி.மீ.க்கு மேல் பயணம் செய்யும் வணிகருக்கு, முதுகை வருத்தாத இருக்கையும் இரவில் தெளிவான ஒளியும் சிறப்பு. கட்டணம் செலுத்தி நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்புகிறவருக்கு, வளைவில் பிடி தளராத சக்கரமே சிறப்பு. 'சிறந்தது' என்பது காருக்குள் எங்கோ பொதிந்து கிடக்கும் பொருளன்று. அது காருக்கும் ஒரு வாழ்வின் நோக்கத்துக்கும் இடையே உள்ள உறவு.

ஒப்பீட்டுப் பட்டியலில் எத்தனை வரிசைகள் இருப்பினும், 'இது எதற்காக?' என்னும் வரிசை மட்டும் அதில் இடம்பெறுவதில்லை. இது பட்டியலைத் தயாரித்தவரின் பிழையன்று. அந்த வரிசையை வாங்குகிறவர் மட்டுமே நிரப்ப முடியும். ஆயினும் பட்டியல் நிறைந்திருப்பதைக் கண்டதும், எல்லாம் ஆராயப்பட்டுவிட்டது என்ற நிறைவு மனத்தில் தோன்றிவிடுகிறது. நுணுக்கமான விடைகளின் மிகுதியே அடிப்படைக் கேள்வியை மறைத்துவிடுகிறது. சிறு கேள்விகளில் நேர்மையாக இருப்பவர், அந்த நேர்மையைக் கொண்டே பெருங்கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ளவும் கூடும்.

அக்குவினாஸ் மேலும் ஒன்று கூறுகிறார். ஆலோசனை முடிவில்லாமல் நீள்வதன்று. நிலைபெற்ற நோக்கம் அதற்கு எல்லையாக நிற்கிறது. நம் மொழியில் 'முடிவு' என்னும் ஒரே சொல் தீர்மானத்தையும் நிறைவையும் ஒருசேரக் குறிக்கிறது. நோக்கம் நிலைபெறாத இடத்தில் இவ்விரு பொருளிலும் முடிவு இல்லை. ஒரு காரை வாங்கிய மறு ஆண்டே 25 குதிரைத்திறன் கூடிய மற்றொன்று வரும். ஒப்பீட்டினால் மட்டுமே மகிழ்ந்தவர் ஒப்பீட்டினாலேயே வருந்துவார். நேற்றுவரை நிறைவளித்த பொருள், தன்னில் ஒரு திருகாணியும் மாறாமலே, இன்று குறையுடையதாகிவிடும்.

பயன்படாத வேகம்

ஜெர்மனியின் விரைவுச் சாலைகளில் பொதுவான வேகக் கட்டுப்பாடு இன்றும் இல்லை என்பது பலர் அறிந்ததே. 1978 முதல் மணிக்கு 130 கி.மீ. என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகமாக மட்டும் இருந்துவருகிறது. பல பகுதிகளில் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. எண்ணெய் நெருக்கடி ஏற்பட்ட 1973-இன் இறுதியில் விரைவுச் சாலைகளில் சில மாதங்களுக்கு 100 கி.மீ. உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாலைகள் கார்களின்றி வெறுமையாயின. மக்கள் அவற்றில் நடந்தனர், மிதிவண்டி ஓட்டினர். வேகமின்றியும் வாழ்வு நடந்தது.

இக்கார்கள் விற்கும் வேகத்தால் பெறுவது என்ன என்று எளிய கணக்கால் காணலாம். நூறு கிலோமீட்டரை 130 கி.மீ. வேகத்தில் கடக்க 46 நிமிடம் ஆகும். 200-இல் சென்றால் 30 நிமிடம். மிச்சம் 16 நிமிடம். 200-இலிருந்து 250-க்கு உயர்ந்தால் மேலும் 6 நிமிடம் மிச்சம். 250-இலிருந்து 305-க்கு உயர்ந்தால் மேலும் 4 நிமிடமும் சில வினாடிகளும். அதுவும் சாலை முழுவதும் வெறுமையாக இருந்தால்தான். வேகம் ஏற ஏறக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. கேட்கப்படும் விலையோ பெருகுகிறது. இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் 250-இல் செல்லும் கார் மோதினால், 130-இல் செல்லும் அதே காரைவிட ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு ஆற்றலோடு மோதும். ஒரு வினாடியில் அது 69 மீட்டரைக் கடக்கிறது. பக்கத்துத் தடத்தில் பழைய சிறு காரில் செல்லும் குடும்பம் இந்த ஒப்பீட்டில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அதன் விளைவில் பங்கு பெறக் கூடும்.

ஜெர்மன் நிறுவனங்கள் பலவும் இதை உணராதவையல்ல. 1980-களின் பிற்பகுதியில், மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் செல்லாதவாறு கார்களைத் தாமாகவே கட்டுப்படுத்த அவை இசைந்தன. சட்டம் கட்டாயப்படுத்தாமலே 'இது போதும்' என்று கூறிய அந்த இசைவு மதிக்கத்தக்கது. ஆனால் அதற்குப் பின் நடந்தது சிந்திக்கத்தக்கது. கூடுதல் கட்டணம் செலுத்துகிறவருக்கு அக்கட்டு தளர்த்தப்படுகிறது. எம்5 காரில் அது 305 கி.மீ. வரை உயர்கிறது. பொதுநன்மைக்காக இட்ட வேலியே விலைக்குரிய கதவாகிவிட்டது. வரம்பு இல்லாதிருந்தால் வரம்பைத் தாண்டும் உரிமையை விற்றிருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே நாட்டில் நிகழ்ந்தது. ஜெர்மனியின் எவாஞ்சலிக்கத் திருச்சபைகளின் மாமன்றம் 2022 நவம்பரில் மக்டபுர்க் நகரில் கூடியபோது, திருச்சபைப் பணிக்கான பயணங்களில் விரைவுச் சாலையில் 100 கி.மீ.க்கு மேல் செல்வதில்லை என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டது. நம் பிரிந்த சகோதரர்கள் எடுத்த இம்முடிவு சிறிதாயினும், 'எதற்காக?' என்னும் கேள்வியை வேகமானியின் முன் எழுப்பியது.

அவ்வாறாயின், பயன்படுத்த இயலாத வேகத்தை விலைகொடுத்து வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? ரூசோ 1755-இல் வெளியிட்ட தம் நூலில், மனிதன் தன் நலத்தைப் பேணும் இயல்பான அன்பையும், பிறரோடு தன்னை ஒப்பிட்டு மேலாக இருக்க விழையும் தற்பெருமையையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னதற்கு நிறைவு உண்டு. பசி தணிந்தால் உணவு போதும். பின்னதற்கு நிறைவு இல்லை. ஏனெனில் அதன் அளவுகோல் அடுத்தவரிடம் இருக்கிறது. ஏழு குதிரைத்திறனின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. கார்களை ஒப்பிடுவதாக எண்ணுகிறவர், தாம் அறியாமலே மனிதரை ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்.

கோவிலில் வேண்டிய பரிசேயனை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவன் பொய் சொன்னதாக நற்செய்தி கூறவில்லை. வாரத்துக்கு இருமுறை நோன்பும், வருவாயில் பத்தில் ஒரு பங்கும் மெய்யானவையே. அவனுடைய பட்டியல் சரியானதே. பின்னால் நின்ற வரிதண்டுவோனை அதில் ஒரு வரிசையாகச் சேர்த்ததுதான் அவனது வேண்டுதலைக் கெடுத்தது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்வாறு கூறுவதை மறுப்போர் உண்டு. அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. சிறந்த கைவினையைப் போற்றுவது குற்றமா? ஏ.எம்.ஜி.யின் அஃபால்டர்பாக் பணிமனையில் ஓர் எஞ்சினை ஒரே தொழிலாளர் தொடக்கம் முதல் இறுதி வரை கோத்து முடித்து, தம் கையொப்பம் பொறித்த தகட்டை அதன்மேல் பதிக்கும் மரபு உண்டு. மெர்சிடிஸ் 500 ஈ காரின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. அதன் அகன்ற உடற்பகுதி மெர்சிடிஸின் தொழிற்சாலை வரிசையில் அடங்கவில்லை. அண்டையிலிருந்த போர்ஷே நிறுவனமோ அப்போது விற்பனைக் குறைவால் வேலையின்றித் தவித்தது. எனவே காரின் பாகங்கள் சிண்டெல்ஃபிங்கனுக்கும் சூஃபன்ஹவுசனுக்குமாகச் சென்று திரும்ப, இரு நிறுவனத் தொழிலாளரும் சேர்ந்து பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கார்களை உருவாக்கினர். சந்தையில் போட்டியிட்டவர்கள் வேலையில் தோழராயினர். இத்தகைய பொருளைப் பாராட்டி வாங்குகிறவரால்தானே அத்தொழிலாளரின் அடுப்பு எரிகிறது?

மெய்யியலாளர் அலஸ்டேர் மக்கின்டயர் 1981-இல் வெளியிட்ட நூலில் செய்த ஒரு பாகுபாடு இங்கே உதவும். ஒரு தொழிலின் உள்ளேயே கிடைக்கும் நன்மைகள் வேறு. அதனால் வெளியே கிடைக்கும் புகழ், பணம், அதிகாரம் போன்றவை வேறு. எஞ்சினைச் செம்மையாகக் கோத்தவரின் மகிழ்ச்சி முதல் வகையைச் சார்ந்தது. அது பிறரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. அடுத்த பணிமேசைத் தொழிலாளரும் செம்மையாகக் கோத்தால் அது குறைவதுமில்லை. 'என்னுடையது முந்துகிறது' என்னும் மகிழ்ச்சியோ இரண்டாம் வகை. ஒருவர் பெற வேண்டுமாயின் மற்றவர் இழக்க வேண்டும். கைவினையைப் போற்றி வாங்குகிறேன் என்று கூறுபவர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: நாளை இதனினும் விரைவான ஒன்று வந்தால், இந்தக் கைவினை எனக்கு அழகு குன்றித் தோன்றுமா? தோன்றுமாயின் போற்றப்பட்டது கைவினையன்று.

பெருஞ்செலவு செய்வதை ஒரு நற்பண்பாகவே அரிஸ்டாட்டிலும் அக்குவினாஸும் கண்டனர் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் அந்த மாண்புடையவர் தமக்காகவன்றிப் பொதுவானவற்றுக்காகவே பெரிதும் செலவிடுகிறார் என்று அரிஸ்டாட்டில் வரையறுத்தார். இறைவனின் மாட்சியையும் பொதுநன்மையையும் அக்குவினாஸ் அதன் இலக்காக வைத்தார். மேலான வாழ்வை விரும்புவது தவறன்று என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இன் சுற்றுமடலில் தெளிவாகவே ஏற்றுக்கொண்டார். இருப்பதைவிட உடைமைகொள்வதையே வாழ்வின் திசையாக்கும் பாங்கைத்தான் அவர் தவறென்றார். உலகின் நன்மைகள் அனைவருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்ததை இதனோடு சேர்த்துப் பார்த்தால், 1,40,000 யூரோவுக்கு மேல் விலையுள்ள காரைப் பற்றிய ஆலோசனையில் ஏழை எந்த வரிசையிலும் இடம்பெறாதது சிறு விடுபாடன்று.

இஞ்ஞாசியார் காட்டும் மூவர்

தெரிவு செய்யும் கலையைத் திருச்சபைக்குக் கற்பித்தவர்களுள் புனித இஞ்ஞாசியார் தலைசிறந்தவர். பலர் வழியை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு நோக்கத்தை அதற்கேற்ப வளைக்கின்றனர் என்பது தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அவர் சுட்டும் நோய். அதே நூலில், பத்தாயிரம் பொற்காசு ஈட்டிய மூவகை மனிதரை நம் முன் நிறுத்துகிறார். பணத்தின்மேல் உள்ள பற்று தம் அமைதியைக் கெடுப்பதை மூவரும் உணர்கின்றனர். முதல் வகையினர் பற்றை நீக்க விரும்புவர். சாகும்வரை எதுவும் செய்யார். இரண்டாம் வகையினர் பற்றை நீக்க விரும்புவர். ஆனால் பொருள் தம்மிடமே இருக்கும்படி நீக்க விரும்புவர். இறைவன் தம் விருப்பத்துக்கு இறங்கி வரவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மூன்றாம் வகையினர், வைத்துக்கொள்வதற்கும் விட்டுவிடுவதற்கும் ஒருங்கே ஆயத்தமாகி, எது இறைவனுக்கு ஏற்றதோ அதையே தேர்வர்.

ஒப்பீட்டில் ஈடுபடும் நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். விடை உள்ளத்தில் முன்னரே இருக்கிறது. அதற்குச் சான்று கிடைக்கும்வரை பட்டியலைப் புரட்டுகிறோம். இது செல்வர்க்கு மட்டும் உரிய நோயன்று. இருசக்கர வண்டி வாங்குமிடத்திலும், பிள்ளைக்குப் பள்ளி தேடுமிடத்திலும், மகளுக்கு வரன் பார்க்குமிடத்திலும் இதே பட்டியல் வேறு எண்களோடு விரிகிறது.

இதற்கு இஞ்ஞாசியார் தரும் மருந்து எளியது. நீ ஒருபோதும் கண்டிராத, ஆனால் அவனது நன்மையை மட்டுமே நீ விரும்பும் ஒரு மனிதன் இதே நிலையில் இருந்தால், அவனுக்கு என்ன அறிவுரை கூறுவாய்? இறக்கும் வேளையில் எந்தத் தெரிவைச் செய்திருக்க விரும்புவாய்? இறுதித் தீர்ப்பின் நாளில் எதனை? தருமம் பகிர்ந்தளிக்கிறவர்களுக்கும் அவர் இதே வினாக்களையே விதித்தார். கொடுப்பதிலும் மனம் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வினாக்கள் 'வாங்காதே' என்று எவருக்கும் கட்டளையிடவில்லை. அவை கேள்விகளின் வரிசையை மட்டும் திருத்துகின்றன. 'எதற்காக?' என்பது முதலில் வந்தால், 'எது சிறந்தது?' என்பதற்கு விடை பெரும்பாலும் விரைவில் கிடைத்துவிடும். சில வேளைகளில் அக்கேள்வியே தேவையற்றுப் போகும். நல்முத்துகளைத் தேடி அலைந்த வணிகன் தன் வாழ்நாளெல்லாம் முத்துகளை ஒப்பிட்டவன்தான். ஆனால் தான் தேடுவது எது என்பதை அவன் அறிந்திருந்தான். அதனால் விலைமதிப்புள்ள ஒன்றைக் கண்டதும் அவன் ஒப்பீடு நின்றது. தனக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கிக்கொண்டான்.